ஒற்றைக் கோடும் ஒற்றைச் சொல்லும் எப்படிக் கலையாகும்?

கண்காட்சியொன்றின் வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்ததையும், அது நிலக்காட்சியிலிருந்து பிறந்த கருத்துருக் கலை (செய்த பொருளைவிட அதன் பின்னுள்ள எண்ணத்தையே படைப்பாகக் கொள்வது) என்று அருகில் குறிப்பு இருந்ததையும் சொல்லி, "இதை நானே எழுதியிருப்பேனே, இதில் நிலம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபம் என்ற கடற்கரை ஊரில் பிறந்து, இராமேசுவரம் தீவில் ஓவிய ஆசிரியராக இருப்பவன் நான். எனக்குப் பழகிய மணலை வைத்தே பதில் சொல்கிறேன்.

1967இல் ரிச்சர்ட் லாங் என்ற ஆங்கிலேய மாணவர், ஒரு புல்வெளியில் நேர்கோட்டில் போவதும் வருவதுமாக நடந்தார், புல் மடிந்து கோடாகத் தெரிந்ததும் அதைப் புகைப்படம் எடுத்தார், படைப்பு அவ்வளவுதான். எங்கள் உடைமரக் காடுகளிலும் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதைகள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்தப் பாதைக்கு ஊர் போய்ச் சேரும் நோக்கம் இருக்கிறது. லாங் அந்த நோக்கத்தை நீக்கிவிட்டு, நடையை மட்டும் மிச்சம் வைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்கக் கலைஞரான லாரன்ஸ் வீனர், படைப்பைக் கலைஞரே செய்யலாம், பிறரைக் கொண்டு செய்விக்கலாம், செய்யாமலே சொல்லாகவும் விட்டுவிடலாம் என்று அறிவித்தார். பலருக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான், எனக்கும் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான், ஓர் ஆனி மாதக் காலையில் தனுஷ்கோடி மணலில், மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு எங்கள் கடற்கரையில் வழங்கும் 'கச்சான்' என்ற பெயரை, ஆள் நீள எழுத்துகளில், சாண் ஆழத்துக்குக் கொத்துக்கரண்டியால் தோண்டி எழுதினேன். குதிகாலை ஊன்றித் திருப்பி இரண்டு புள்ளிகளையும் வைத்தேன். கொண்டுபோயிருந்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் முதலில் தூர்ந்தவை அந்தப் புள்ளிகளே. 'கசசான' என்று பொருளற்ற ஏதோ ஒன்று தரையில் கிடந்தது. (ஓலை பொத்துவிடும் என்பதற்காகச் சுவடி எழுதியவர்கள் புள்ளியைத் தவிர்த்தார்கள் என்பார்கள், இங்கே அந்த வேலையைக் காற்று செய்தது.) பிறகு கவனித்தபோது, காற்றின் போக்கிலேயே கிடந்த கோடுகள் வெகுநேரம் தாக்குப்பிடித்தன, குறுக்கே கிடந்தவையோ பறந்துவந்த மணலை வாங்கி வாங்கி விரைவில் மேடிட்டன. எழுத்தின் எந்தப் பகுதி நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை, அந்த எழுத்து எதன் பெயரோ அதுவே முடிவு செய்துகொண்டிருந்தது. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கடலையும் படகையும் வரையச் சொல்லிக்கொடுத்த எனக்கு, காற்றை வரைய ஒரு வழி கிடைத்தது அன்றுதான்.

படைப்பின் கதியை இயற்கையே முடிவு செய்வது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பேரியில் 1970இல் ராபர்ட் ஸ்மித்சன் என்ற கலைஞர் கருங்கல்லாலும் மண்ணாலும் அமைத்த, சுமார் 1,500 அடி நீளமுள்ள சுருள் வடிவக் கரை, நீர்மட்டம் ஏறிப் பல ஆண்டுகள் மூழ்கிக் கிடந்து, பின்னர் வெளிப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் ஊரையே கடலுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் என்பதால், இதைக் கேட்டு எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக வியக்கமாட்டார்கள்.

மொழியை ஒற்றைச் சொல்லாகக் குறைத்துக் கையாண்டவர்களில் எனக்கு நெருக்கமானவர் அலிகாரில் பிறந்த அச்சோவியக் கலைஞர் ஜரீனா. வீட்டையும் அதைப் பிரிந்ததையும் பற்றி 1999இல் அவர் செய்த 36 மரச்செதுக்கு அச்சுகளில், ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல்லும் மிகச் சில கோடுகளுமே உண்டு. வாசற்படி, தூரம் போன்ற சாதாரணச் சொற்கள்தாம்; ஆனால் விட்டுவந்த வீட்டின் மொழியில் அவை இருப்பதால், அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத நானும் அவற்றின் முன் நெடுநேரம் நிற்பேன்.

எனவே குறைவாக இருப்பது மட்டுமே ஒன்றைக் கலையாக்கிவிடாது. குறைத்துக் குறைத்து வெறும் விளம்பரப் பலகையாகிப்போன படைப்புகளும் ஏராளம். நான் வைத்துப் பார்க்கும் சோதனை, அந்தச் சொல்லை மாற்றிப் பார்ப்பது. 'கச்சான்' இருந்த இடத்தில் 'வாடை' என்று வடகாற்றின் பெயரை எழுதியிருந்தால், அந்த ஆனி மாதத்து மணலில் அது வெறும் பிழையாகவே இருந்திருக்கும். வாடைக் காலம் வரை காத்திருந்து எழுதினாலோ, மழையில் நனைந்த மணல் இப்படிப் பறந்துவந்து எழுத்தைத் தூர்க்காது. சொல்லும் இடமும் மாதமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. நீங்கள் பார்த்த சுவர் வரியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால், உங்கள் கோபம் நியாயமானதுதான்.