ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது

கேள்வி: எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். ஊர்ச் சத்திரத்துக்கு மானிய நிலம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஊர் வரலாறு எழுத ஆசை. நூலகப் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தேடினேன், ஒன்றுமே இல்லை. எங்கே போவது?

பதில்: பட்டியலில் இல்லை என்பதால் மனம் தளராதீர்கள். அரசு ஆவணங்களை அந்தந்தக் காலத்து மாவட்டம், தாலுகாப்படிதான் அடுக்கியிருப்பார்கள். அதனால் உங்கள் ஊர் எந்த ஆண்டில் யாருடைய எல்லைக்குள் இருந்தது என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். அதற்கு முன் சேலம். ஆனால் 1910 முதல் 1929 வரை நாமக்கல் தாலுகா திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்துக் கோப்புகளைச் சேலத்தில் தேடிப் பயனில்லை.

அப்புறம், சென்னை கன்னிமாரா நூலகத்தில் பிரிட்டிஷ் அதிகாரி லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டைக் கேட்டுப் பாருங்கள். 1883-இல் வந்தது, இரண்டு பாகம். இணையத்திலும் படிக்கலாம். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும். ஒரே ஊரை நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துத் தேடுங்கள்.

சத்திர மானியத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் சரியான இடம். 1858-இல் அமைத்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்துப் பதிந்தது. அதுதான் இனாம் பதிவேடு. எந்தத் தர்மத்துக்காக விட்ட நிலம், எவ்வளவு, கொடுத்தவர் யார், விசாரணையின்போது யார் கையில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். சத்திரம், தண்ணீர்ப்பந்தல் மானியங்கள் 'தர்மாதாயம்' என்ற வகையில் வரும். ஊர் வரலாறு எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை என்பேன். சாமானிய மனிதர்களின் பெயர்கள் இதில்தான் அகப்படும்.

ஆவணத்தில் ஆண்டு பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டில் இருந்தால், 590-ஐக் கூட்டுங்கள்; ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1270 என்றால் 1860 ஜூலை முதல் 1861 ஜூன் வரை.

இன்னொன்றையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்: ஊர் ரயத்துவாரியா (உழவர் நேராக அரசுக்கு வரி கட்டியது), மிட்டாவா (மிட்டாதார் வழியாகக் கட்டிய, ஜமீன் போன்ற எஸ்டேட்)? சேலம் சீமையில் மிட்டா ஊர்கள் நிறைய. மிட்டா என்றால், 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) ஆவணங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காப்பகத்துக்குக் கிளம்பும்போது அடையாள அட்டை, தாலுகாப் பெயர், பழைய சர்வே எண் மூன்றும் கையில் இருக்கட்டும்.