மேடு ஏறும்போது மட்டும் தட்டும் இன்ஜின்: இறக்க வேண்டுமா?

கேள்வி: உசிலம்பட்டியில் இருக்கிறேன். 2014 மாடல் பெட்ரோல் கார், தேனிக்கு அடிக்கடி போய்வருவேன். ஒரு மாதமாக, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மட்டும் தகர டப்பாவில் கோலிக்குண்டை உருட்டுவது போல இன்ஜினிலிருந்து சத்தம் வருகிறது. சமதளத்தில் இல்லை. கனெக்டிங் ராடு பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: அவசரப்பட்டு இறக்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பேரிங் (பிஸ்டனின் ராடு கிராங்க் ஷாஃப்டோடு சேரும் இடத்தில் உள்ள உலோகத் தாங்கி) தட்டல் போலத் தெரியவில்லை. பெட்ரோல் நேரம் தவறி எரிவதால் வரும் நாக்கிங் இது என்றே நினைக்கிறேன். ஆனாலும் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கணவாயில் நான்காவது கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் திணறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் சிலிண்டர் நிறையக் காற்றும் பெட்ரோலும் புகுந்துவிடும். பிஸ்டன் நகர்வதோ மெதுவாக. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவிவரும் முன்பே, ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாக வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது. அடுத்த முறை சத்தம் வந்ததும் மூன்றாவது கியருக்கு மாற்றி, 2500 சுற்றுக்கு மேல் வைத்து ஏறுங்கள். சத்தம் சட்டென்று நின்றுவிட்டால் நாக்கிங்தான்.

பேரிங் தட்டலின் குணம் வேறு. அது கனத்த ‘டொக் டொக்’. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஆயில் இளகியதும் கூடும். வண்டியை நிறுத்திவைத்து 2500 சுற்றுக்கு ஏற்றி, ஆக்சிலேட்டரைப் பட்டென்று விடும் அந்த நொடியில் தெளிவாகக் கேட்கும். சூடான இன்ஜினில் இதைச் செய்யும்போது சத்தமே இல்லையென்றால் பேரிங்கைச் சந்தேகிக்கப் பெரிதாகக் காரணமில்லை.

மெக்கானிக் இன்னும் பேரிங் என்றே சொன்னால், ஒவ்வொரு சிலிண்டராக அடைத்து, அதாவது எரியவிடாமல் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றுவார்கள். அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்டரைக் கெடுக்கும். அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றுவதுதான் சரி. எந்த சிலிண்டரை அடைத்ததும் தட்டல் அடங்குகிறதோ, அதன் ராடு பேரிங் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். எதிலும் மாற்றமே இல்லையென்றால் ராடு பேரிங்காக இருக்க வாய்ப்பு குறைவு.

நாக்கிங் என்று உறுதியானால், முதலில் சூட்டைக் கவனியுங்கள். நம்ம ஊர் வெயிலில் இதுதான் முக்கியம். ரிசர்வாயரில் கூலண்ட் அளவு சரியா, ஃபேன் நேரத்துக்கு ஓடுகிறதா, ரேடியேட்டர் இடுக்குகளில் புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும். வேகமான வாட்டர் வாஷ் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். அப்புறம் ஸ்பார்க் பிளக். வண்டியின் கையேட்டில் உள்ள நம்பர்தானா என்று பாருங்கள். சூடான ரக (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றாத) பிளக்கைப் போட்டிருந்தாலே நாக்கிங் வரலாம்.

பத்து வருடம் ஓடிய இன்ஜினில் பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கும். கரி இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும், தானும் கனன்று கலவையைப் பற்றவைக்கும். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டிகளில் இது அதிகம். பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கரி இருந்தால் சுத்தம் செய்யலாம், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

நாக் சென்சார் என்று ஒன்று இன்ஜின் பிளாக்கில் போல்ட்டால் பிடித்திருக்கும். அது நாக்கிங்கின் அதிர்வை உணர்ந்து சொல்ல, கம்ப்யூட்டர் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். அதன் போல்ட் தளர்ந்திருந்தாலும் அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலும் சரியாக உணராது. ஸ்கேனரில் பி0325 என்ற பழுதுக் குறியீடு வந்தால் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். எத்தனாலின் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) அதிகம், அது நாக்கிங்கைக் குறைக்கவே செய்யும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் பற்றிய கவலை நியாயமானது, ஆனால் அது வேறு விஷயம். டேங்கில் தண்ணீர் கலந்தால் மட்டும் எத்தனால் பிரிந்து அடியில் இறங்கி, மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்துவிடும். சாதாரண பெட்ரோலைவிட ஆக்டேன் கூடிய பெட்ரோலை ஒரு டேங்க் போட்டு அதே கணவாயை ஏறிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் நாக்கிங் என்பதற்கு அது இன்னொரு சான்று. ஆனால் அதையே வைத்தியமாக்கி, சூட்டையும் கரியையும் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். நாக்கிங்கோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனே உடையலாம்.

ஒருவேளை பேரிங்தான் என்று ஆகிவிட்டாலும், பல கார்களில் இன்ஜினை இறக்காமலே அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றி ராடு பேரிங்கைப் பார்க்க முடியும். சம்ப்பைக் கழற்றும்போது நீங்களும் கூட இருங்கள். அடியில் தங்கிய ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் காட்டினால் பேரிங் உலோகத் துகள் மினுமினுக்கும். அப்படி மினுமினுத்தால், அல்லது ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அதற்குப் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். மதுரை வரை ஓட்டிப்போய்க் காட்டலாம் என்று நினைக்காமல், டோ செய்துதான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.