டவர் இருக்கட்டும், படிக்கட்டு எங்கே?

கேள்வி: பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தில் காரில் வரும்போது பார்த்தால் நம் மும்பை அப்படியே நியூயார்க் மாதிரி இருக்கிறது. உயரமான கட்டிடங்களில் இந்தியாவிலேயே நாம்தான் முதல். இப்போது பாதாள மெட்ரோவும் வந்துவிட்டது. ஆனாலும் தில்லியில் இருக்கும் என் மைத்துனரும் பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகனும் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். எது பெரிய நகரம்? ஆசிரியரே தீர்ப்புச் சொல்லட்டும்.
- ஒரு வாசகர், செம்பூர்

பதில்: உயரம்தான் கணக்கு என்றால் வழக்கே தேவையில்லை. லோயர் பரேலில் நிற்கும் வேர்ல்டு ஒன் மட்டுமே 280 மீட்டர். மைத்துனர் தோற்றார், சித்தப்பா மகனும் தோற்றார். போதுமா?

ஆனால் அந்தக் காட்சியை நீங்கள் பார்த்த இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். கடல் பாலத்தில் பைக்குக்கு அனுமதி இல்லை, ஆட்டோவுக்கு இல்லை, நடந்து போகிறவருக்கும் இல்லை. நீங்கள் பெருமைப்படுவது கார்க்காரருக்காகவே ஃபிரேம் போட்ட படம். மாலை ஏழு மணிக்கு விரார் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் நிற்கிறவருக்குத் தெரியும் ஸ்கைலைன், முன்னால் நிற்பவரின் அக்குள்தான்.

நியூயார்க் என்று நீங்களே சொன்னதால் அதையே எடுத்துக்கொள்வோம். அங்கே கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன் வேண்டர்பில்ட் என்று ஒரு கட்டிடம் 2020-இல் திறந்தது. 427 மீட்டர், நம் வேர்ல்டு ஒன்னைவிட ஒன்றரை மடங்கு. சட்டம் அனுமதித்ததற்கு மேல் மாடிகள் வேண்டும் என்று கட்டுநர் கேட்டார். நகர நிர்வாகம் மறுக்கவில்லை. மாடி தருகிறோம், பதிலுக்கு நிலையத்தைச் சரிசெய்து கொடுங்கள் என்றது. சுமார் 22 கோடி டாலர் செலவில் புதுப் படிக்கட்டுகளும் சுரங்க நடைவழிகளும் வந்தன. டவரில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்கள் எப்படி வந்து போவார்கள் என்ற கேள்விக்குக் கட்டிடம் எழும்போதே பதில் எழுதி வாங்கிவிட்டார்கள்.

நம் ஊரிலும் இப்படிக் கூடுதல் எஃப்எஸ்ஐ, அதாவது ஒரு நிலத்தில் கட்ட அனுமதிக்கும் தளப்பரப்பு, கொடுத்தார்கள். எதற்குப் பதிலாக? கார் நிறுத்த இடம் கட்டிக் கொடுத்ததற்கு! நகரத்தின் பெரும்பகுதி ரயிலில் வந்து போகிறது; பரிசு மட்டும் பார்க்கிங்குக்கு. தாதர், பரேல் பக்கம் போனால் பாருங்கள், எத்தனை டவர்கள் கீழே பல மாடிக்குக் காரை அடுக்கி வைத்துக்கொண்டு, அதற்கு மேல்தான் மனிதரைக் குடிவைத்திருக்கின்றன என்று.

லோயர் பரேல் கதையை நம் மூத்த வாசகர்கள் நேரில் பார்த்தவர்கள். 1982 பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அங்கிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. அந்த நிலத்தை என்ன செய்வது? 1991-இல் வந்த விதி நியாயமாகத்தான் இருந்தது. ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு சாதாரண மக்களின் வீட்டுக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001-இல் அதைத் திருத்தினார்கள். பங்கு போடுவது மொத்த நிலத்தை அல்ல, கட்டிடம் எதுவும் இல்லாத காலி இடத்தை மட்டும் என்று ஆக்கினார்கள். ஆலை நிலத்தில் காலி இடம் எவ்வளவு இருக்கும்? 2006-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. சால் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கு நடுவே அலுவலகங்களும் மால்களும் எழுந்தன. ஆலைத் தொழிலாளி பெரும்பாலும் பக்கத்துச் சாலிலிருந்து நடந்தே வேலைக்கு வந்தவர். புதிதாக வந்த அலுவலக ஊழியர் டோம்பிவிலியிலிருந்தும் வசாயிலிருந்தும் ரயிலில் வருகிறவர். ஆனால் ஸ்டேஷன் மட்டும் அதே ஸ்டேஷன், பாலம் அதே பாலம்.

2017 செப்டம்பர் 29 காலை, நல்ல மழை. லோயர் பரேலுக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு அப்போது எல்பின்ஸ்டன் ரோடு என்று பெயர், இப்போது பிரபாதேவி. அந்த நடைபாலத்தின் குறுகலான படிக்கட்டில் நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பிறகு ராணுவத்தைக் கூப்பிட்டு ஒரு பாலம் கட்டச் சொன்னார்கள். 2018 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள், சில மாத வேலை. சுற்றிலும் இத்தனை டவர்களுக்கு அனுமதி கொடுத்த காலமெல்லாம் அந்தச் சில மாதம் யாருக்கும் கிடைக்கவில்லை. நான் மும்பையின் உயரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொஞ்சம் கசப்பாகப் பேசுவதாகச் சில வாசகர்கள் குறைப்படுகிறார்கள். காரணம் இதுதான்.

சரி, மெட்ரோ. 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்த அக்வா லைன் நல்ல வேலை, தயங்காமல் பாராட்டலாம். கஃப் பரேடிலிருந்து ஆரே வரை 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள், வொர்லிக்கும் தாராவிக்கும்கூட நிலையம் உண்டு. சித்திவிநாயகர் கோயிலுக்கு டாக்சிக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை. ஆனால் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாய். லோக்கலில் சர்ச்கேட்டிலிருந்து விரார் வரை 60 கிலோமீட்டர், இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய். மூன்று பேர் சீட்டில் நாலாவதாகப் பாதி உடம்பை ஒட்டிக்கொண்டு போகிற நம் ஆட்கள் ஏன் மெட்ரோவுக்கு மாறவில்லை என்று வியப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

மோனோரயிலைப் பற்றிச் செம்பூர்காரரான உங்களிடம் நான் என்ன சொல்வது! 2014-இல் உங்கள் செம்பூரிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் காலியாகவே ஓடியது. 2025 ஆகஸ்டில் மழையில் ஹார்பர் லைன் லோக்கல் ரயில்கள் நின்றபோது ஒரே ஒரு நாள் கூட்டம் ஏறியது. பாரம் தாங்காமல் நடுவழியில் நின்றுவிட்டது. ஏணி வைத்துத்தான் ஆட்களை இறக்கினார்கள்.

மைத்துனரையும் சும்மா விட வேண்டாம். 2002 டிசம்பர் 25 அன்று ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை தொடங்கிய தில்லி மெட்ரோ இன்று நமக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது, உண்மை. ஆனால் அதே தில்லியில் ரிங் ரயில்வே என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். 1982 ஆசிய விளையாட்டுக்காக மேம்படுத்தினார்கள். தண்டவாளம் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது, ஏறுகிறவர்கள்தான் சொற்பம், ஏனென்றால் மக்கள் போக வேண்டிய இடத்துக்கும் அந்த ஸ்டேஷன்களுக்கும் சம்பந்தம் குறைவு. ஸ்கைலைனே இல்லாத பாரிஸைச் சொன்னாலும் அவர் சந்தோஷப்படுவார். நகருக்குள் பெரும்பாலும் 37 மீட்டருக்கு மேல் கட்ட விடமாட்டார்கள், மெட்ரோவோ 1900-லிருந்து ஓடுகிறது. அதை யாரும் சின்ன ஊர் என்று சொல்லிக் கேட்டதில்லை.

நமக்கு நெருக்கமான விஷயம் ஒன்று பாக்கி. திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் தாராவியில் ஊன்றிக்கொண்டதற்குப் பல காரணங்கள் உண்டு. இன்றுவரை அங்கே பிழைப்பு ஓடுவதற்கு முக்கியமான ஒன்று, ஒரு பக்கம் மாஹிம், மறுபக்கம் சயான், கீழே மாட்டுங்கா. வெஸ்டர்ன், சென்ட்ரல் இரண்டு லைனும் நடக்கிற தூரம். இப்போது அங்கும் டவர்கள் வரப்போகின்றன. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவிக்குள் வீடு, மற்றவர்களுக்கு வெளியே என்பது திட்டம். நம் கூட்டங்களில் எத்தனை சதுர அடி, எத்தனையாவது மாடி என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. வெளியே போகிறவர்களுக்கு எந்த ஸ்டேஷன் பக்கம், காலை எட்டு மணிக்கு அங்கிருந்து ரயிலில் ஏற முடியுமா என்பதையும் கேளுங்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் தோல் பட்டறையில் கூலி வேலை செய்கிறவருக்கும் சதுர அடியைவிட இது பெரிய விஷயம்.

தீர்ப்புக் கேட்டீர்கள். உயரத்தில் மும்பை. மெட்ரோவில் தில்லி, நல்ல வித்தியாசத்தில். குறைந்த காசில் அதிகம் பேரைச் சுமப்பதில் மறுபடி மும்பை. ஆனால் அந்தப் பெருமை 1853-இல் தானேவுக்குத் தண்டவாளம் போட்டவர்களுக்கும் 1925-இல் குர்லா வரை மின்சார ரயில் விட்டவர்களுக்கும் சேரும், வேர்ல்டு ஒன்னுக்கு அல்ல. பெங்களூர்த் தம்பியை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுங்கள். எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில்தான் மெட்ரோ வந்தது. அதுவரை நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் அவர் நின்ற நேரத்தைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்ளலாம்.