எல்லா கம்பைலர்லயும் ஓடுற மாதிரி ஒரு சி புக்

வணக்கம் சார்,
நான் இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர். காலேஜ் லேப்ல டர்போ சி கம்பைலர் (எழுதின ப்ரோக்ராமை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துறது). வீட்டு லேப்டாப்ல ஜிசிசிங்கிற கம்பைலர் போட்டிருக்கேன், சீனியர் குடுத்த புக்ல முதல் ப்ரோக்ராம அடிச்சாலே கோனியோ ஃபைல் இல்லைன்னு எரர். ஃப்ரெண்டோட விஷுவல் ஸ்டுடியோல இன்புட் வாங்குற ஸ்கேன்எஃப்புக்கே எரர் வருது. மூணுலயும் ஓடுற புக் ஒண்ணு சொல்லுங்க.

தம்பி,
சி-க்கு 1989லயே ஸ்டாண்டர்ட், அதாவது எல்லா கம்பைலருக்கும் பொதுவான விதி, வந்தாச்சு, அதைப் பார்த்து எழுதின புக்கா எடுத்தா மூணுலயும் பெரும்பாலும் ஓடிடும். உன் கையில இருக்கிறது டாஸ் காலத்து டர்போ சிய மட்டும் நம்பி எழுதினது. கோனியோ, ஸ்கிரீன் க்ளியர் பண்ற வரி, ஒரு கீ அமுக்குற வரை நிக்கவைக்கிற கெட்ச் எதுவுமே ஸ்டாண்டர்ட்ல கிடையாது. கடையில புரட்டும்போது பக்கத்துக்குப் பக்கம் கோனியோவும், ஸ்டாண்டர்ட் சொல்ற இன்ட் மெயினுக்குப் பதிலா வாய்ட் மெயினும் கண்ணுல பட்டா வச்சிட்டு வந்துடு.

நான் முதல்ல பாக்கிறது டேட்டா டைப் சாப்டர்தான். இன்ட்னா (முழு எண் வைக்கிற டைப்) 2 பைட்னு ஒரே வரியில முடிச்சிருந்தா அந்த புக் வேண்டாம். டர்போ சில 200ஐ 200ஆல பெருக்கி இன்ட்ல போட்டு பிரின்ட் பண்ணிப்பாரு, 2 பைட்ல அடங்காம -25536 வரும், அதே கோடு ஜிசிசில 40000. ஸ்டாண்டர்ட் கேக்கிறது குறைஞ்சது 16 பிட், அதாவது 2 பைட், அதுக்கு மேல கம்பைலர் இஷ்டம். லாங்கும் அப்படித்தான், 64 பிட் லினக்ஸ்ல 8 பைட், விண்டோஸ்ல 4. இதை உக்காந்து விளக்குற புக் வேணும் உனக்கு. அப்புறம் ஒரே வரியில ஐ-ங்கிற வேரியபிளை ரெண்டு மூணு தடவை இன்க்ரிமென்ட் பண்ணி அவுட்புட் என்னன்னு கேப்பாங்க பாரு, ஸ்டாண்டர்ட்படி அதுக்கு விடையே கிடையாது, அதைப் போய் இன்டர்வியூ கேள்வின்னு அச்சடிச்சு பசங்களை மனப்பாடம் பண்ண வைக்கிறாங்களேன்னு எனக்கு நிஜமாவே கோபம் வரும்.

நான் சொல்றது கெர்னிஹான், ரிச்சி எழுதின சி புக். 1988ல வந்த ரெண்டாவது எடிஷனா பார்த்து வாங்கு, 1978 எடிஷன் ஸ்டாண்டர்டுக்கு முந்தினது. மெல்லிசாதான் இருக்கும், ஆனா எக்சர்சைஸ் எல்லாம் போட்டா ஒரு செமஸ்டர் ஓடிடும். அதுல மெயினுக்கு முன்னாடி இன்ட் போட்டிருக்க மாட்டாங்க, அப்ப அது சரி, இப்ப ஜிசிசி 14ல எரரே வரும், நீயே இன்ட் சேர்த்துக்கோ.

விஷுவல் ஸ்டுடியோ ஸ்கேன்எஃப்-எஸ் போடச்சொல்லும், போடாத, அது லினக்ஸ் ஜிசிசிலயும் இருக்காது உன் லேப்லயும் இருக்காது. அந்த எரர் மெசேஜ்லயே வார்னிங்கை ஆஃப் பண்ற டிஃபைன் பேரு இருக்கு, அதை ஃபைலோட முதல் வரியில ஃப்ரெண்டைப் போடச்சொல்லு. லேப் எக்ஸாம்ல ஸ்கிரீன் க்ளியர் பண்ணலைன்னா மார்க் குறைப்பாங்கன்னா அங்க மட்டும் போட்டுக்கோ.