நாற்பது சதவீதம்தானே என்பவர்களுக்கு

(இதய இரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோ அறையில் 20 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர், வடசென்னை வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

தண்டையார்பேட்டை: அப்பாவுக்கு இதய இரத்தக்குழாயில் 40 சதவீத அடைப்புதான், குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வேண்டாம் என்கிறார்கள். பயமில்லைதானே அக்கா?

ஸ்டென்ட் வேண்டாம் என்பது சரி. பயமில்லை என்பது தவறு. சாக்கடைக் குழாயில் அழுக்கு ஒட்டுவதுபோல் கொழுப்பு ஒட்டுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது படிவது குழாயின் சுவருக்குள். எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் குழாயின் உட்படலத்தைத் தாண்டிப்போய்ச் சிக்குகிறது. அதைத் தின்ன வரும் வெள்ளையணுக்கள் தின்று வீங்கி அங்கேயே மடிகின்றன. அந்தக் கூழின்மேல் நார்த்திசு ஒரு மூடி போடுகிறது. முதலில் சுவர் வெளிப்பக்கமாக வீங்கி இடம் கொடுப்பதால் இரத்தம் ஓடும் வழி குறுகாது. ஆஞ்சியோ காட்டுவதோ வழியை மட்டும். மூடி மெலிந்து கிழிந்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து, 40 என்பது சில நிமிடங்களில் 100 ஆகிவிடும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இந்த மூடியைக் கெட்டிப்படுத்துகிறது. ரிசல்ட் நன்றாக வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வண்ணாரப்பேட்டை: நடந்தால் நெஞ்சு அழுத்துகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. கேஸ்தானே?

கேஸுக்கு நீங்கள் நடப்பதும் நிற்பதும் தெரியாது தம்பி. இன்றே இசிஜி எடுத்து டாக்டரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வந்தால் சோடா தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

வியாசர்பாடி: பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு அடைப்பைக் கரைக்குமா?

இன்று நான்காவது முறையாகக் கேட்கிறார்கள். கரைக்காது.

காசிமேடு: இறாலை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம்தான், ஆனால் எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. குழம்பாக வையுங்கள். பாமாயிலில் பொரிப்பதுதான் சிக்கல்.

ராயபுரம்: பாமாயில் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருக்கிறதே?

எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பேருக்குத்தான் இருக்கும். தண்ணீர் பாட்டிலில் ‘சர்க்கரை இல்லை’ என்று எழுதுவதுபோல்தான் அது. பாமாயிலில் பாதிக்குக் கிட்டத்தட்ட நிறைவுற்ற கொழுப்பு.

மீண்டும் ராயபுரம்: அப்படியானால் ரேஷனில் ஏன் கொடுக்கிறார்கள்?

விலை குறைவு என்பதால். வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. அளவைக் குறையுங்கள் என்கிறேன்.

கொருக்குப்பேட்டை: தேங்காயெண்ணெய் மட்டும் யோக்கியமா?

இல்லை, அதில் நிறைவுற்ற கொழுப்பு இன்னும் அதிகம். இதற்கு மேல் எண்ணெய்க் கேள்விகளை அனுப்பாதீர்கள். பதினோரு பேர் எண்ணெயைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டீர்கள். பீடி, சிகரெட்டைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.