காலை 9 மணிக்கு மட்டும் இணையம் மந்தம்: கேஷைப் பெரிதாக்கினால் தீருமா?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் ஐடி வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: “அலுவலகத்தில் 60 பேர். அன்பவுண்ட் மென்பொருளைப் போட்டு, தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் ரிசால்வரைச் சொந்தமாக ஓட்டுகிறோம். காலை 9 மணிக்கு எந்தத் தளமும் சட்டென்று திறப்பதில்லை. 10 மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. கிடைத்த பதில்களைச் சேமித்துவைக்கும் கேஷின் அளவை இரட்டிப்பாக்கலாமா? சர்வரைத் தினமும் இரவு 3 மணிக்கு ரீஸ்டார்ட் செய்துவிடுகிறோம், அதில் ஒன்றும் குறையில்லை.”

குறையே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அன்பவுண்ட் தன் கேஷை ராமில் வைத்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் மொத்தமும் காலி. சாதாரண ரீலோட் கட்டளையும் அப்படித்தான். தினமும் வருகிறவரின் ‘கோப்பி ஓ கோசோங்’கை (சர்க்கரை போடாத கடுங்காப்பி) காப்பிக்கடைக்காரர் ராத்திரியோடு மறந்துவிடுகிற கதை.

நீங்களே பாருங்கள். காலையில் யாரும் தொடாத ஒரு தளத்தின் பெயரை, டிஎன்எஸ்ஸில் முகவரி தேடும் ‘டிக்’ கட்டளையில் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை 250 மில்லிசெகண்ட் காட்டினால், மறுமுறை 0 காட்டும். தேடல் தொடங்கும் ரூட் சர்வர்களின் நகல்கள் சிங்கப்பூரிலேயே உண்டு. தாமதம் பெரும்பாலும் அந்தத் தளத்தின் சொந்தப் பெயர் சர்வரில்தான். அது அமெரிக்கக் கிழக்குக் கரையில் மட்டும் இருந்தால், ஒருமுறை போய்வரவே 200 மில்லிசெகண்டுக்கு மேல். ஒரு பக்கம் பத்து இருபது பெயர்களைக் கேட்கும், 60 பேரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள்.

முதலில் ஊகத்தைச் சோதியுங்கள். அன்பவுண்டின் ‘ஸ்டாட்ஸ் நோரீசெட்’ கட்டளை காட்டும் எண்களை 9, 9:15, 11, 11:15 மணிக்குக் குறித்து, இடைப்பட்ட கால் மணி நேரத்தில் கேஷ் ஹிட் (கேஷிலேயே கிடைத்தவை) எத்தனை, மிஸ் (வெளியே தேடியவை) எத்தனை என்று கழித்துப் பாருங்கள். காலையிலேயே ஹிட் அதிகமென்றால் டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டு வைஃபையைப் பாருங்கள்.

ரீஸ்டார்ட்டை நிறுத்தினால் மட்டும் போதாது. பல பெயர்களின் டிடிஎல், அதாவது பதில் செல்லுபடியாகும் நேரம், 300 நொடிதான், விடிவதற்குள் காலாவதியாகிவிடும். காலாவதியாகும் முன்பே பதிலைப் புதுப்பிக்கும், எல்லோரும் சொல்லும் ப்ரீஃபெட்ச் பகலுக்கு நல்லது, போட்டுவையுங்கள். ஆனால் டிடிஎல்லின் கடைசி 10 சதவீதத்தில் யாராவது கேட்டால்தான் அது புதுப்பிக்கும். ராத்திரியில் யார் கேட்கப்போகிறார்கள்?

உங்களுக்கு வேண்டியது ‘சர்வ்-எக்ஸ்பயர்டு’ என்ற அமைப்பு. காலாவதியான பதிலை உடனே கொடுத்துவிட்டு, பின்னணியில் புதிதாகத் தேடும். அதன் கிளையன்ட் டைம்அவுட்டை (காத்திருக்கும் மில்லிசெகண்ட்) 0 என்று வையுங்கள். 1800 என்று இருந்தால் முதலில் 1.8 நொடிவரை புதிய பதிலைத் தேடிப் பார்க்கும், காலைத் தாமதம் அப்படியே இருக்கும். எப்போதாவது ஒரு பழைய முகவரி வரலாம். அலுவலகத்துக்கு அது பரவாயில்லை என்பது என் கணக்கு.

கேஷ் அளவா? ராம் இருந்தால் கூட்டுங்கள். பெயர்ப் பதிவுகளை வைக்கும் ஆர்ஆர்செட் கேஷ், பதில்களை வைக்கும் மெசேஜ் கேஷைப் போல இரு மடங்கு இருக்கட்டும். குறைந்தபட்ச டிடிஎல்லை மணிக்கணக்கில் ஏற்றச் சொல்பவர்களின் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். முகவரி மாறிய தளங்கள் திறக்காது, திட்டு உங்களுக்குத்தான் விழும்.

அப்புறம், திங்கட்கிழமை. காலாவதிப் பதிலுக்கான வரம்பை 86400 நொடி, அதாவது ஒரு நாள் என்று வைத்தால், வெள்ளி மாலைப் பதில்கள் அதற்குள் செத்துவிடும். வரம்பை மூன்று நாளாக்கலாம். நானாக இருந்தால், அடிக்கடி கேட்கும் ஐம்பது பெயர்களை 8:45க்கு ‘டிக்’கால் கேட்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை போட்டுவிடுவேன்.