குறுக்கே வந்த விமானம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், 19 வயதில் இறந்த விமானி ஜான் கில்லஸ்பி மகீயின் ‘ஹை ஃப்ளைட்’ கவிதையைப் படித்துக் கலங்கிப்போனேன். குறுக்கே வந்த ஒரு பயிற்சி விமானம் அக்கவிஞரைப் பறித்துக்கொண்டதே! இதை வீரமரணம் என்று சொல்லலாமா? கவிதையைத் தமிழாக்க விரும்புகிறேன். முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் செய்யுங்கள். பெற்றோருக்கு எழுதிய கடிதத்தோடு அவன் அனுப்பிய 14 வரிகள் அவை. அந்த அந்தரங்கம் குலையாமல் இருந்தால் போதும். வீரமரணமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை.

ஆனால் ‘குறுக்கே வந்த ஒரு பயிற்சி விமானம்’ என்று எப்படி உங்களால் எழுத முடிந்தது? அதற்குள்ளும் ஒரு பையன் இருந்தான். பெயர் எர்னஸ்ட் ஆப்ரே கிரிஃபின். கிரான்வெல் தளத்தில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவன். அவனுக்கும் வயது 19. டிசம்பர் 11 அன்று, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ராக்ஸ்ஹோம் என்ற சிற்றூருக்கு மேலே, மேகத்தில் தெரிந்த ஓர் இடைவெளி வழியாக மகீயின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் இறங்கியபோது, அடியில் சுமார் 1,400 அடி உயரத்தில் கிரிஃபினின் ஆக்ஸ்ஃபோர்டு, மரத்தாலான அந்த இரட்டை எஞ்சின் விமானம், போய்க்கொண்டிருந்தது. இரண்டும் மோதின. யார் யாருக்குக் குறுக்கே வந்தார்கள், சொல்லுங்கள்? மகீ விமானி அறையின் மூடியைத் தள்ளித் திறந்து எழுந்து நின்று குதித்ததை ஒரு விவசாயி பார்த்திருக்கிறார். பாராசூட் விரிய உயரம் போதவில்லை. கவிதை எழுதியவன் என்பதால் அந்தக் கடைசி நொடிகள் நம்வரை வந்து சேர்ந்தன. உடன் இறந்த கிரிஃபினுக்கு அதே கதையில் கிடைத்தது ஒரு வரி.

என் சித்தப்பா லாரியில் கிளீனராக இருந்தவர். ஊர்ப் பிரமுகர் ஒருவரின் காரும் அந்த லாரியும் மோதிய விபத்தில் இருவரும் இறந்தார்கள். செய்தித்தாளில் பிரமுகரின் படமும் வரலாறும் வந்தன. கடைசியில் ‘லாரி கிளீனரும் உயிரிழந்தார்’ என்றிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்பில் கிழிந்துவிடாமல் மெல்லப் பிரித்து, “இதில் அவன் பேர் எங்கே இருக்கு?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் ஏதோ ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவேன்.

அந்தப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் மாண்ட 55,573 பேரில் சுமார் 8,000 பேர் எதிரியைச் சந்திக்காமல் பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். கிரிஃபின் அந்தப் படைக் கணக்கில் வராதவன்; ஆனால் அவர்களைப் போலவே, அவசரமாகப் பயிற்றுவிக்கப்பட்டு, விமானத் தளங்கள் நெருங்கிக் கிடந்த வட்டாரத்தில், குளிர்கால மேகத்துக்கு அடியில் பறக்க அனுப்பப்பட்டவன்.

தமிழாக்கத்துக்கு முன்குறிப்பு எழுதும்போது அவன் பெயரையும் வயதையும் விட்டுவிடாதீர்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.